எட்டில் ஒரு நொடி

டிரைவிங் மாஸ்டர் வீட்டு நடையில் டேப் ஒட்டிப் பிரித்தெடுத்த தடங்கள் இருந்தன. படுக்கையறை வாசலிலிருந்து குளியலறை வரை, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, பதினொன்று. தரையை நன்றாகத்தான் துடைத்திருந்தார்கள். பசை போகவில்லை. அதன்மேல் தூசி படிந்து சாம்பல் நிறக் கோடுகளாக நின்றது. மற்றவர்கள் கண்ணில் படாது. மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று டேப் ஒட்டி ஒட்டியே முட்டி தேய்ந்தவன் நான்.

"இதுக்கு முன்னாடி இங்க யாராச்சும் ஷூட்டிங் எடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

சும்மா கேட்டதுதான். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஏதாவது பேச வேண்டும். பேசாமல் நிற்கிற போட்டோகிராபரைப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் விறைத்துப்போவார்கள்.

அந்த அம்மா கணவரின் சட்டையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா. வெளியே பொத்தான்கள் வழக்கம்போல் இருந்தன. அடியில் பொத்தான் துளைகளைத் தைத்து மூடிவிட்டு, அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன்களை வைத்துக்கொண்டிருந்தார். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். உள்ளே மாஸ்டர் இருந்தார்.

"பொண்ணு பார்லருக்குப் போயிருக்கா. வர ஒரு மணி நேரம் ஆகும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் தம்பி."

சொன்னார். இருபத்தாறு வருடமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு ஒன்றரை வருடமாக வலது கை நடுங்குகிறது. நரம்புக் கோளாறு. கை மட்டுமென்றால் பரவாயில்லை. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு முயன்றாலும் எடுக்க வராது. எதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டிவிடுவார். ஏன் என்று டாக்டருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்குத்தான் நடையில் டேப். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் பத்து நாளைக்கு முன் வந்தபோது எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். அவளிடம் தோள்பட்டை வலி என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பாட்டு போட்டாலும் நடந்துடுவாரு. தாளத்துக்குக் கால் தானா வருது. பாட்டு நின்னா அவரும் நின்னுடுவாரு."

மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. வியாழக்கிழமை இருவரும் கிளம்புகிறார்கள். அவளுக்கும் அங்கே வேலை தயாராக இருக்கிறது. விமானம் ஏறி, அங்கே வேலையில் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்திருந்தார்கள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் விழுந்து இடுப்பு ஒடிஞ்சப்ப, கைக்கு வந்த வேலையை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. எட்டு மாசம். இப்ப இது தெரிஞ்சா கிளம்ப மாட்டா. அவளை எனக்குத் தெரியும். போட்டோவுல அவர் கை ஆடுறது தெரியக்கூடாது தம்பி. இன்னிக்கும் தெரியக்கூடாது, நாளைக்கு ஆல்பத்துலயும் தெரியக்கூடாது."

கேமராவின் வேகத்தைக் கூட்டி எடுத்தால் கை நின்றுவிடும் என்றேன்.

"நின்னுடுமா?" என்றார். கேட்ட விதத்தில் நான் அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது.

"போட்டோவுலம்மா."

என் மனைவியும் நான்கு மாதம் வலியை மறைத்தாள். கல்யாண சீசன் முடியட்டும், இவன் ஓடியாடி வேலை பார்க்கட்டும் என்று இருந்திருக்கிறாள். அந்த நான்கு மாதத்தில் நான் எடுத்த அவள் படங்கள் பதினேழு. பதினைந்தில் அவள் கை விலாவைப் பிடித்திருக்கிறது. பார்ப்பதுதான் எனக்குத் தொழில். இதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சரிம்மா என்றேன். அவர் ஊசியை எடுத்துக்கொண்டார்.

மழை காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. கல்யாண ஹால் வாசலில் ஈரக் குடைகள் குவிந்து கிடந்தன. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் செருப்பைப் பார்த்தார்கள், பிறகுதான் மணமக்களைப் பார்த்தார்கள். நடுவில் பலகைச் சதுரங்களைப் பொருத்தி ஆடுவதற்கு ஒரு தளம் போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் பாட்டுப் போடுகிறவரின் மேசை. இந்தப் பக்கம் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை.

அந்தத் திரை எங்கள் ஸ்டுடியோவின் புதுச் சரக்கு. முதலாளி போன மாதம் ஒரு கருவி வாங்கினார். கேமராவின் தலையில் செருகிவிட்டால், எடுக்கிற ஒவ்வொரு படமும் மூன்று நொடியில் திரையில் வந்து நிற்கும். அடுத்த படம் எடுக்கும்வரை போகாது. கல்யாண வீட்டாருக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. எடுக்கிற எல்லாப் படமும் காட்டுவதற்கில்லை.

மேடையில் பிரச்சினை இல்லை. மாஸ்டரின் வலது கையை அந்த அம்மா தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று தோன்றியிருக்கும். நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வைத்து எடுத்தேன். ஒவ்வொரு படமும் திரையில் விழும்போது அந்த அம்மா முதலில் கையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைப்பார். இப்படியே நூற்றுக்கு மேல் படங்கள்.

பெண்ணின் தாய்மாமனுக்கு மைக் மாமா என்று பெயர். மைக் கையில் கிடைத்தால் தர மாட்டார் என்பதால் வந்த பெயர். வாழ்த்துரை என்று தொடங்கி, அக்கா வீட்டுக்காரர் தனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதைக்கு வந்து, கால்வாயில் இறங்கிய காரைக் கயிறு கட்டி இழுத்தது வரை நாற்பது நிமிடம் பேசினார். சாப்பாடு தள்ளிப்போனது. சாப்பிட்ட பிறகு மாஸ்டர் போட வேண்டிய மாத்திரையும் தள்ளிப்போனது. அது அந்த அம்மாவின் சில்லறைப் பையில் இருந்தது. அவர் அதை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிட்டேன். சோறு, ஆறிப்போன கோழி. பாட்டுப் போடுகிறவர் பக்கத்தில் ஐஸ்கிரீமை மட்டும் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். ஆட்டத்தின்போது பாட்டைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

"ஏன், யாருக்காச்சும் ஹார்ட் பிராப்ளமா?"

"அப்படி வெச்சுக்கோங்களேன்."

"வெச்சுக்கிட்டேன்" என்று கிண்ணத்தை வழித்தார்.

மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஆட்டத்தை எடுக்கும்போது வேகத்தைக் குறைத்துவிடுவேன். எட்டில் ஒரு நொடி. ஃபிளாஷ் முகங்களைப் பிடித்துக்கொள்ளும். கைகள் போன வழி மட்டும் புகைபோலப் படியும். முழு வேகத்தில் எடுத்தால் ஆடுகிறவர்கள் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடி உறைந்துபோனவர்கள் மாதிரி இருப்பார்கள். அது ஆட்டமாகாது. எட்டில் ஒரு நொடி என்றால் கேமராவைப் பிடித்திருக்கும் கை ஆடக்கூடாது. என் கை ஆடாது. மனைவி படுத்திருந்த ஆஸ்பத்திரியிலும் ஆடவில்லை. அதற்காகச் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இரண்டாவது பாட்டில் பெண் வந்து அப்பாவின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மாஸ்டர் மாட்டேன் என்றார், தோள் வலிக்கிறது என்றார். பெண் விடவில்லை. அவர் பாட்டைக் கொஞ்சம் கேட்டார். பிறகு எழுந்தார். தாளத்தில் கால் வைத்து, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று தளத்துக்குள் நடந்தே வந்துவிட்டார்.

"கண்ணாடி பாரு, பின்னாடி பாரு, அப்புறம் திருப்பு" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே அவளைச் சுற்றிவிட்டார். சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். "ஹாரன் அடிக்காதே மாஸ்டர் திட்டுவாரு" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு. சிரித்தபடி அவர் அக்குளில் செருகி வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து மேலே தூக்கினார். அன்று அதுவரை அந்தக் கையை நான் தனியாகப் பார்க்கவில்லை. அது ஆடியது. சுற்றி நாற்பது கைகள் ஆடின.

வேகத்தைக் கூட்டப் போனேன். திரையைப் பார்த்தேன். எல்லாக் கைகளும் புகையாக இருந்தன, அவருடையதும். இந்தக் கூட்டத்தில் அவர் கையைத் தனியாகக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. வேகத்தை மாற்றாமலே விட்டுவிட்டேன். அந்த அம்மாவும் திரையைப் பார்த்தார். முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான்கு பாட்டு. மாஸ்டர் வியர்த்துப்போயிருந்தார். நிறுத்துவதாக இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழாமல் பாட்டுப் போடுகிறவர் ஒன்றை ஒன்றோடு சேர்த்துக்கொண்டே போனார். சொன்னால் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மைக் மாமாவை யாரும் நினைக்கவில்லை. கேக் வெட்ட நேரமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நேராக மேசைக்குப் போய் ஒலியை ஒரேயடியாக இறக்கிவிட்டு, "எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்றார்.

பாட்டு அறுந்தது. நாற்பது பேரும் நின்று அவர் பக்கம் திரும்பினார்கள். என் விரல் அதற்குள் அழுத்திவிட்டது. தாளத்தை எண்ணி எண்ணி அழுத்தும் விரல். தாளம் நின்றதை அது கேட்கவில்லை.

மூன்று நொடியில் திரையில் வந்தது. நாற்பது பேர் தெளிவாக நிற்கிறார்கள். பின்னாலிருக்கும் நாற்காலிகள், சுவர்க் கடிகாரம், பெண்ணின் காதுத் தொங்கட்டான் எல்லாம் தெளிவு. நடுவில் மாஸ்டர். மார்புக்கு நேராக அவர் வலது கை. மணிக்கட்டு வரை கை. அதற்கு மேல் விரல்கள் இல்லை, பஞ்சுபோல ஏதோ இருந்தது.

"நம்ம போட்டோகிராபருக்கே கை நடுங்கிடுச்சு பாருங்க, சாப்பாடு பத்தலை போல" என்றார் மைக் மாமா, மைக்கில்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கையைத் தூக்கி, "ஆமாங்க, என் கைதான் ஆடிடுச்சு" என்றேன். கூரையைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். திரை மாறியது. கூட்டம் கேக் பக்கம் நகர்ந்தது. மாப்பிள்ளை பெண்ணின் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். அவள் போகும்போது திரையையே பார்த்துக்கொண்டு போனாள். திரையில் கூரை விளக்கு இருந்தது.

தளம் காலியானது. மாஸ்டர் மட்டும் நடுவில் நின்றார்.

முதலில் ஓய்வெடுப்பவர் மாதிரிதான் இருந்தது. பிறகு உடம்பு முன்னால் சாய்ந்தது, கால்கள் வரவில்லை. அந்த அம்மா கேக் மேசைக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மாளின் பிடியில் இருந்தார். இப்போது ஓடிவந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். வரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். பாட்டுப் போடுகிறவரைத் தேடினேன். அவர் கேக் வரிசையில் இருந்தார்.

மாஸ்டரிடம் போனேன்.

"இன்ஜின் ஓடுது தம்பி" என்றார் மெல்ல. "கியர் விழ மாட்டேங்குது."

என் இடுப்பில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி டேப் தொங்கும். மண்டியிட்டேன். அவர் காலுக்கு முன்னால் ஒரு துண்டு ஒட்டினேன். ஒன்றரை அடி தள்ளி இன்னொன்று.

"குரூப் போட்டோவுக்கு மார்க் போடுறேன் மாஸ்டர்" என்று பக்கத்தில் கேட்கும்படி சொன்னேன். "இதைத் தாண்டி வாங்க."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரி சொல்லிட்டாளா?"

"தரை சொல்லிச்சுங்க."

இடது கால் எழுந்தது. ஒரு கோடு. அடுத்தது. நான் பின்னோக்கித் தவழ்ந்து ஒட்டிக்கொண்டே போனேன். அவர் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு வந்தார். நாற்காலிக்கு ஏழு துண்டுகள் ஆயின. உட்கார்ந்ததும் கையை அக்குளில் செருகிக்கொண்டார். நெற்றியைத் துடைக்கவில்லை.

"பழகுற பசங்களுக்கு நானும் கோடு போட்டுத்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். "ரிவர்ஸ் எடுக்க."

நிமிர்ந்தபோது பெண் கேக் மேசையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கத்தி. மாப்பிள்ளையின் கையும் அதன்மேல் இருந்தது. சுற்றி எல்லாரும் வெட்டு வெட்டு என்றார்கள். அவள் வெட்டினாள். நான் ஓடிப்போய் எடுத்தேன். அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

நாலரைக்கு ஹால் காலியாகத் தொடங்கியது. தாமதமாகப் போட்ட மாத்திரை வேலை செய்வதற்குள் கார் வந்துவிட்டது. அந்த அம்மா கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாரும் போகட்டும், போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் லென்ஸ்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். பெண் வந்தாள். பாவாடை ஓரம் முழுக்க ஈரம்.

"அண்ணா, அந்தப் படத்தைக் காட்டுங்க."

எந்தப் படம் என்று கேட்கவில்லை. அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கேமராவை எடுத்து அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தன் தொங்கட்டானைப் பார்த்தாள். பிறகுதான் கையைப் பார்த்தாள்.

"உங்க கை ஆடியிருந்தா நாற்காலியும்தானே ஆடியிருக்கணும்?"

தூரத்தில் அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டார். சில்லறைப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். காலையில் நான் சொன்ன 'சரிம்மா' நினைவில் இருந்தது. பதினைந்து படங்களும் நினைவில் இருந்தன.

"என் கை ஆடலை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அழவில்லை. "பத்து நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன். தோள் வலி, தோள் வலின்னு ரெண்டு பேரும் ஒரே பாட்டு." கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க ஒட்டுனதைப் பார்த்தேன். அதைக் குடுங்க."

டேப்பை இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

அவள் கல்யாண உடையோடு தரையில் மண்டியிட்டாள். அப்பாவின் காலடியில் தொடங்கி வாசல் பக்கமாக ஒட்டினாள். பல்லால் கடித்து அறுத்தாள். இடைவெளி சரியாக இல்லை. சில இடத்தில் ஒரு அடி, சில இடத்தில் இரண்டு. மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் வந்து நின்றார். பிறகு குனிந்து, அவள் பாவாடை ஓரம் டேப்பில் ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மைக் மாமா வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டார்.

என்னைக் கடக்கும்போது அந்த அம்மா, "சொல்லிட்டீங்களா தம்பி" என்றார்.

"சொல்லிட்டேன்மா."

அவர் கணவர் பக்கம் நடந்துவிட்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மாஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்காமல் கோடுகளைப் பார்த்தார். "வியாழக்கிழமை நீ கிளம்பணும்" என்றார். "அதை முதல்ல சொல்லு. அப்புறம் எந்திரிக்கிறேன்."

"வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு."

"அது பதில் இல்லை."

"தோள் வலின்னு சொன்னியே, அது மட்டும் பதிலா?" அவள் அவருடைய வலது கையை அக்குளிலிருந்து வெளியே எடுத்தாள். அது அவள் கைக்குள் படபடவென்று அடித்தது. அவள் இறுக்கிப் பிடிக்கவில்லை, அதன் பாட்டுக்கு விட்டாள். "எந்திரிப்பா. முதல் கோட்டைத் தாண்டு. மத்ததைக் கார்ல பேசிக்கலாம்."

அவர் எழுந்தார். எழுந்து நின்று கொஞ்ச நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கால் எழுந்தது.

வாசலில் டேப் ஈரத்தில் ஒட்டவில்லை. அவள் தன் காலைக் குறுக்கே நீட்டினாள். அவர் அதைத் தாண்டிக் காருக்குப் போனார். நான் கேமராவை வெளியே எடுத்து, வேகத்தை இருநூற்றைம்பதுக்குக் கொண்டுபோய் ஒரு படம் எடுத்தேன். அப்பா, அம்மா, மகள், குடை. காலையில் அந்த அம்மா கேட்டது போலவே வந்திருக்கிறது. கை துளிகூட ஆடவில்லை.

தரையிலிருந்த டேப்பையெல்லாம் பிரித்தெடுக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது.

பயணத்தை மூன்று வாரம் தள்ளிப்போட்டார்களாம். ஸ்டுடியோவுக்கு முன்பணச் சீட்டைத் தேடி வந்த மைக் மாமா சொன்னார். அந்த மூன்று வாரமும் அப்பாவோடு தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாளாம். டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு ஆளை வைத்துவிட்டாளாம். வீட்டு நடையில் பெயிண்டால் கோடு போட்டுவிட்டாளாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஆல்பத்துக்கான பட எண்கள் அதற்கப்புறம் ஒரு வெளிநாட்டு போனிலிருந்து வந்தன. எண்பது படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தோம், எழுபத்தொன்பதுக்கு எண் மட்டும் இருந்தது. கார் வாசலில் எடுத்ததும் அதில் ஒன்று. கடைசி எண்ணைத் தனியாக அனுப்பியிருந்தாள். மைக் மாமா பாட்டை நிறுத்தியபோது எடுத்தது.

"இது முழுப் பக்கம் வரணும் அண்ணா. எதையும் சரிபண்ண வேண்டாம்."